போஸ்ட் என்னும் ஒரு சொல்

ஆங்கில மொழியைக் கற்கப் புகும் மாணவர்கள் அம்மொழியின் நீண்ட சொற்களைக் கண்டே பெரிதும் அஞ்சுவர். ஆனால், நீண்ட சொல் பெரும்பாலும் ஒரு பொருளையே தரும். அகராதியை ஒருமுறை புரட்டினால் ஐயம் நீங்கிவிடும். சின்னஞ்சிறு சொற்களோ இடத்திற்கு ஒரு பொருளும் வேளைக்கு ஒரு பொருளுமாக நின்று நம்மை இடறச் செய்யும். அத்தகைய சிறு சொற்களுள் ஒன்றாகிய ‘போஸ்ட்’ என்பதனை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

இச்சொல் நமக்குப் புதியதன்று. ஆங்கிலம் அறியாத பாட்டியும், “போஸ்ட்டு வந்துவிட்டதா?” என்று கேட்பதுண்டு. தெருவிளக்கு நிற்கும் கம்பத்தை லைட் போஸ்ட் என்கிறோம். மாநில எல்லையில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் சாவடி செக் போஸ்ட் எனப்படுகிறது. அலுவலகத்தில் ஒரு போஸ்ட் காலியாக இருக்கிறது என்று கேட்டால் பட்டதாரி இளைஞர் விண்ணப்பம் எழுதுகிறார். மருத்துவமனையில் நடைபெறும் பிணப் பரிசோதனைக்குப் போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். கடிதம், கம்பம், சாவடி, பதவி, பிணப் பரிசோதனை என்னும் இவ்வைந்துக்கும் என்ன உறவு? இவை யாவும் எப்படி ஒரே ஒலியில் வந்து கூடின?

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழுக்கும் இயல்பே. ‘ஆறு’ என்பது எண்ணையும் குறிக்கும், நதியையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். நம் முன்னோர் இத்தகைய சொற்களைத் தொகுத்துப் பொருள் விளக்கினர். திவாகர நிகண்டில் ஒரு சொல் பல் பொருளுக்கெனத் தனித் தொகுதியே உண்டு. ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஆராயும்போது மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உளது. இது பல பொருள்களைத் தாங்கி நிற்கும் ஒரே சொல்லா? அன்றி, வெவ்வேறு வழியில் வந்து ஒரே உருவம் பூண்ட பல சொற்களா? ‘போஸ்ட்’ என்பதைப் பொறுத்த வரையில் இரண்டும் உண்மை.

இச்சொல்லின் வேர்கள் மூன்று. மூன்றும் இலத்தீன் மொழியில் உள்ளன. முதலாவது, ‘போஸ்டிஸ்’ என்னும் பெயர்ச்சொல். வாயிலின் இருபுறமும் நிற்கும் நிலைக்காலுக்கு உரோமர் இட்ட பெயர் இது. இரண்டாவது, ‘போனெரே’ என்னும் வினைச்சொல்; ‘வைத்தல், நிறுத்துதல்’ என்பது அதன் பொருள். மூன்றாவது, ‘பின்னர்’ என்று பொருள்படும் ‘போஸ்ட்’ என்னும் இடைச்சொல். இம்மூன்றையும் நினைவில் இருத்திக்கொண்டால், அகராதியில் நெருக்கி அடித்து நிற்கும் பொருள்கள் எல்லாம் தத்தம் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்துவிடும்.

முதலில் கம்பத்தின் குடும்பத்தைக் காண்போம். நிலைக்காலைக் குறித்த போஸ்டிஸ் என்னும் சொல் பழைய ஆங்கிலக் காலத்திலேயே அந்நாட்டை அடைந்துவிட்டது. பிறகு நட்டுவைத்த கட்டை எதுவாயினும் அப்பெயர் பெற்றது. விளக்குக் கம்பமும், கைகாட்டி மரமும், பந்தாட்ட மைதானத்தின் கோல் போஸ்ட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய இலண்டன் வீதிகளில், வண்டிகள் செல்லும் பாதையையும் மக்கள் நடக்கும் ஓரத்தையும் பிரிப்பதற்கு மரக்கட்டைகளை நட்டிருந்தனர். நாடக அறிவிப்புகளையும் பிற விளம்பரங்களையும் அக்கட்டைகளின் மீது ஒட்டுவது வழக்கமாயிற்று. ஆகவே, அறிவிப்பை ஒட்டுவதற்கே ‘போஸ்ட் செய்தல்’ என்ற வழக்கு 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இன்று நம் ஊர்ச் சுவர்களை மறைத்து நிற்கும் போஸ்டருக்கு அந்த மரக்கட்டையே பாட்டன்!

குதிரைப் பந்தயத்தில் ஓட்டம் முடியும் இடத்தில் ஒரு கம்பம் நடுவார்கள். அதனை முதலில் கடக்கும் குதிரை வென்றதாகும். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் நாடாளுமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் கம்பத்தை முதலில் கடத்தல் என்றே பெயர் வழங்குகிறது. பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் பெறாவிடினும், மற்ற வேட்பாளர் ஒவ்வொருவரைக் காட்டிலும் கூடுதலாகப் பெற்றவர் வெற்றி பெறுகிறார். 1951-52-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நம் முதல் பொதுத் தேர்தல் தொட்டு மக்களவைத் தேர்தலில் இம்முறையே உள்ளது. இதில் வேடிக்கை யாதெனின், இத்தேர்தலில் குறிப்பிட்ட எண்ணிக்கை என்னும் கம்பம் எங்குமே நடப்படவில்லை. கம்பம் மறைந்துபோனது, சொல் மட்டும் நிற்கிறது.

இனி இரண்டாவது குடும்பத்திற்கு வருவோம். மூன்றினுள் வரலாற்றுச் செறிவு மிக்கது இதுவே. ‘வைத்தல், நிறுத்துதல்’ என்னும் வினையிலிருந்து இத்தாலிய மொழியில் ‘போஸ்டோ’ என்றும் ‘போஸ்டா’ என்றும் இரு சொற்கள் பிறந்தன. ஒருவன் நிறுத்தப்பட்ட இடம் போஸ்டோ. இது பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்திற்கு வந்து, முதலில் போர்வீரன் காவல் நிற்கும் இடத்தைக் குறித்தது. காவல் நிலையை விட்டு நீங்குதல் படைவீரனுக்குப் பெருங்குற்றம். பின்னர்ப் படையின் வழக்குப் பொது வாழ்விலும் பரவி, ஒருவர் அமர்த்தப்பட்ட வேலையையும் குறிப்பதாயிற்று. நம் அலுவலர்கள், “எனக்கு எந்த ஊரில் போஸ்டிங்?” என்று கேட்கும்போது, அச்சொல்லின் அடியில் காவல்காரனின் காலடி ஓசை இன்னமும் கேட்கிறது. செக் போஸ்ட் என்பதும் இக்கிளையைச் சேர்ந்ததே. அங்கே குறுக்கே ஒரு கட்டை இருக்கிறது என்பதற்காக அப்பெயர் வந்ததென்று மாணவர் கருதிவிடலாகாது. அங்கே காவலர் நிறுத்தப்பட்டிருக்கின்றனர் என்பதே அதன் பொருள்.

போஸ்டா என்னும் மற்றொரு சொல்லின் கதை இன்னும் சுவையானது. ஓர் அரசன் தொலைவிலுள்ள தன் அதிகாரிக்கு விரைவாகச் செய்தி அனுப்ப வேண்டும். ஒரே குதிரை நெடுந்தூரம் ஓடினால் களைத்து விழும். ஆகையால், பெருவழியில் குறிப்பிட்ட தொலைவுக்கு ஓர் இடமாகப் புதிய குதிரைகளையும் ஆட்களையும் நிறுத்தி வைத்தனர். ஒருவன் கொணர்ந்த பையை அடுத்தவன் பெற்றுக்கொண்டு ஓடுவான். இவ்வேற்பாடு மிகப் பழையது. பாரசீகப் பேரரசில் இவ்வாறு குதிரை வீரர்கள் மாறி மாறிச் செய்தி கொண்டு சென்றதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் வியந்து எழுதினார். உரோமப் பேரரசர் அகஸ்டஸ் தம் ஆட்சிக்கென இத்தகைய அமைப்பொன்றை ஏற்படுத்தினார். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆப்ஸ்பர்க் மரபினரான மாக்சிமிலியனுக்காகத் தாக்சிஸ் குடும்பத்தினர் ஐரோப்பாவில் நெடுந்தொலைவுத் தொடர் ஒன்றை நடத்தினர். இங்கிலாந்தில் எட்டாம் என்றி மன்னரின் காலத்தில், 1516-ஆம் ஆண்டளவில், சர் பிரையன் டியூக் என்பவர் இப்பணிக்குத் தலைவராக விளங்கினார்.

வழியில் ‘நிறுத்தி வைக்கப்பட்ட’ ஆளுக்கும் இடத்திற்கும்தான் முதலில் போஸ்ட் என்று பெயர். பிறகு அவன் ஏந்திச் சென்ற கடிதப் பைக்கும், இறுதியில் கடிதத்திற்குமே அப்பெயர் ஏறிற்று. அந்நாளைய அவசரக் கடிதங்களின் மேலுறையில் ‘விரைக, போஸ்டே, விரைக’ என்னும் கருத்துப்பட எழுதுவார்கள். அங்கே விளிக்கப்படுபவன் குதிரையில் செல்லும் ஆள். சில கடிதங்களில் தூக்குமரத்தின் படத்தையும் வரைந்து வைத்தனர். தாமதம் செய்தால் என்ன நேரும் என்பதை எழுத்தறியாதவனும் உணர வேண்டுமன்றோ! மிகுந்த விரைவைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் ‘போஸ்ட் ஏஸ்ட்’ என்னும் தொடர் இவ்வாறு பிறந்ததே.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். இவ்வமைப்பு யாருக்காக ஏற்பட்டது? அரசருக்காக. குதிரையும் வழியும் அரசருடையவை, செய்தியும் அரசருடையதே. குடியானவன் வெளியூரிலுள்ள தன் மகனுக்கு ஒரு சொல் அனுப்ப விரும்பினால், அவ்வழியே செல்லும் வணிகரையோ யாத்திரிகரையோ நாட வேண்டியதுதான். 1635-ஆம் ஆண்டில் முதலாம் சார்லஸ் மன்னர் ஓர் அறிவிப்பின் மூலம் அரசாங்க அஞ்சலைப் பொதுமக்களும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். 1784-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள், பாத் நகரில் நாடகக் கொட்டகை நடத்திய ஜான் பால்மர் என்பவரின் முயற்சியால், பிரிஸ்டலிலிருந்து இலண்டனுக்கு முதல் அஞ்சல் வண்டி ஓடியது. மாலை 4 மணிக்குப் புறப்பட்ட வண்டி மறுநாட் காலை 8 மணிக்கு இலண்டன் சேர்ந்தது. 16 மணி நேரத்தில் அத்தொலைவைக் கடந்தது அக்காலத்தில் பெரும் வியப்பு.

கதவு திறந்ததேயன்றி, ஏழை அதனுள் நுழைய முடியவில்லை. அக்காலத்தில் கட்டணம் தொலைவைப் பொறுத்தும் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் அமைந்தது. இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே தாளில் எழுதிய கடிதத்திற்கு 1 ஷில்லிங் 1½ பென்சு. கூலியாளின் ஒரு நாள் வருவாயில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். அதனையும் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே செலுத்த வேண்டும். ஆனால், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பிரபுக்களுக்கும் இலவசமாகக் கடிதம் அனுப்பும் சலுகை இருந்தது! கவிஞர் கோல்ரிட்ஜ் கண்டதாக ஒரு நிகழ்ச்சி கூறப்படுவதுண்டு. ஏழைப் பெண்ணொருத்தி தன் சகோதரனிடமிருந்து வந்த கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டணம் செலுத்த இயலாதென்று திரும்பக் கொடுத்தாளாம். கவிஞர் இரங்கித் தாமே ஒரு ஷில்லிங் கொடுத்துக் கடிதத்தைப் பெற்றுத் தந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் எழுதப்படவில்லை. வெறுந்தாள் வந்தால் சகோதரன் நலமாக இருக்கிறான் என்பது அவ்விருவரும் செய்துகொண்ட ஏற்பாடு. இக்கதையை நாம் நகைத்து விட்டுவிடலாகாது. உடன்பிறந்தான் உயிரோடிருக்கும் செய்தியை அறிவதற்கு ஒரு பெண் இத்தகைய தந்திரம் செய்ய வேண்டியிருந்ததென்றால், குறை அவளுடையதன்று, அவ்வமைப்பினுடையது.

இக்குறையைக் களைந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். இதனைச் சொல்லும்போது, வாழ்நாளெல்லாம் கரும்பலகையின் முன் நின்ற எனக்குச் சிறிது பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்? ரோலண்டு இல் என்னும் அப்பெரியார் இளமையிலேயே தந்தையாரின் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1837-ஆம் ஆண்டில் அஞ்சல் சீர்திருத்தம் பற்றி அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நல்ல கணக்காசிரியரைப் போல் அவர் செலவைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்த்தார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்வதற்கு மட்டும் ஆகும் செலவு, ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்கு என்று கண்டார். அவ்வாறாயின் செலவு எங்கே ஏற்படுகிறது? தாள்களை எண்ணுவதிலும், தொலைவுக்கேற்பக் கட்டணம் கணக்கிடுவதிலும், வீடு வீடாக நின்று காசு வசூலிப்பதிலுமே ஏற்படுகிறது. ஆகவே, தொலைவைக் கருதாமல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம், அதுவும் குறைந்த கட்டணம், அதனையும் அனுப்புவோர் முன்னரே செலுத்துதல் என்னும் முறையை அவர் வகுத்தார்.

1840-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள் ஒரு பென்னி அஞ்சல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ‘பென்னி பிளாக்’ எனப்படும் உலகின் முதல் ஒட்டு அஞ்சல் தலை வெளியாயிற்று. 1839-இல் ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சமாக இருந்த கடிதங்கள், 1840-இல் ஏறத்தாழ 16 கோடியே 90 இலட்சமாகப் பெருகின. கட்டணத்தைக் குறைத்தமையால் அரசின் வருவாய் வீழ்ந்தது உண்மையே. பழைய நிலையை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. எனினும், அவ்விழப்பிற்கு ஈடாகக் கிடைத்தது சிறிதன்று. வேலை தேடி நகரம் சென்ற மகனும் கிராமத்திலிருந்த தாயும் ஒரு பென்னிச் செலவில் பேசிக்கொள்ள முடிந்தது. கடிதம் எழுதுவதற்காகவே எழுத்துக் கற்க வேண்டும் என்னும் ஆவலும் எளியவர்க்கு உண்டாக இடம் ஏற்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வரலாறு இதே தடத்தில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் ஆட்சிக்காக வைத்திருந்த அஞ்சலை, 1774-ஆம் ஆண்டில் வாரன் ஏஸ்டிங்ஸ் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். சென்னையில் 1786-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் பொது அஞ்சல் நிலையம் ஏற்பட்டது. காட்டு வழிகளில் சலங்கை கட்டிய கோலை ஏந்தித் தபால் ஓட்டக்காரர்கள் பையைச் சுமந்து ஓடினர். ஒருவர் ஓட, அடுத்தவர் காத்து நின்று வாங்கிக்கொள்வார். பாரசீகக் குதிரை வீரரின் முறைதான். இங்கே குதிரைக்குப் பதிலாக மனிதனின் கால்கள். 1854-இல் டல்ஹவுசி பிரபுவின் ஆட்சியில் இந்தியா முழுவதற்கும் அஞ்சல் தலை வந்தது. தொலைவு எதுவாயினும் கால் தோலா எடையுள்ள கடிதத்திற்கு அரையணா என்று கட்டணம் அமைந்தது. 1879-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காலணாக் கார்டு வெளிவந்தது. எழுத்தறியாத தாய் அக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, தபால்காரரையே படித்துச் சொல்லுமாறு வேண்டுவது நம் கிராமங்களில் நெடுங்காலம் கண்ட காட்சி. நாம் இன்று வழங்கும் ‘அஞ்சல்’ என்னும் சொல்லோ திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் தபால் துறைக்குப் பெயராக நெடுங்காலம் வழங்கியது. அத்துறைகள் 1951-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தன.

கம்பத்தின் குடும்பமும் கடிதத்தின் குடும்பமும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தன. 1852-ஆம் ஆண்டில், அஞ்சல் துறை அலுவலராக இருந்த நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் என்பவரின் யோசனைப்படி, ஜெர்சித் தீவின் தெருக்களில் தூண் வடிவான பெட்டிகளை நிறுத்திக் கடிதங்களைச் சேகரிக்கத் தொடங்கினர். தெருவோரத்தில் கம்பம்போல் நின்றுகொண்டு கடிதத்தை வாங்கிக்கொள்ளும் அப்பெட்டியைக் கண்டு, இரண்டு சொல்லும் ஒன்றே என்று யாரேனும் மயங்கினால் அதில் வியப்பில்லை.

செய்தித்தாள்கள் சிலவற்றுக்குப் ‘போஸ்ட்’ என்று பெயர் இருப்பதும் இக்குடும்பத்தாலேயே. 1695-ஆம் ஆண்டில் இலண்டனில் போஸ்ட் மேன், போஸ்ட் பாய், பறக்கும் போஸ்ட் என்று பொருள்படும் பெயர்களோடு செய்தித்தாள்கள் தோன்றின. வெளியூர்களுக்கு அஞ்சல் புறப்படும் நாள்களில் அவை வெளிவந்தன. வணிகரின் கணக்கு முறையிலும் இச்சொல் உண்டு. நாட்குறிப்பிலுள்ள பதிவைப் பேரேட்டில் அதற்குரிய இடத்தில் கொண்டு வைப்பதற்குப் ‘போஸ்ட் செய்தல்’ என்று பெயர். ஒருவருக்கு அவ்வப்போது செய்தி தெரிவித்து வருவதை ஆங்கிலேயர் இன்று இச்சொல்லாற் குறிப்பது, கடிதத்திலிருந்து வந்ததன்று. நாளது வரை எழுதி முடித்த பேரேட்டிலிருந்து அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் பரவியதாகும்.

மூன்றாவது குடும்பம் ‘பின்னர்’ என்னும் பொருளுடையது. நண்பகலுக்குப் பின் வருவது பி.எம்.; எழுதி முடித்த பின் சேர்ப்பது பி.எஸ்.; இறப்பிற்குப் பின் செய்வது போஸ்ட்மார்ட்டம். பட்டத்திற்குப் பின் பயில்வோரைப் போஸ்ட் கிராஜுவேட் என்கிறோம். இக்குடும்பத்தில் ‘போஸ்ட்போன்’ என்னும் சொல் ஒரு விந்தை. தள்ளிவைத்தல் என்பது அதன் பொருள். அதனைப் பிரித்துப் பாருங்கள்: ‘போஸ்ட்’ என்பது ‘பின்னர்’, ‘போன்’ என்பது ‘வைத்தல்’ என்னும் போனெரே. அஞ்சலுக்கும் பதவிக்கும் தாயான அவ்வினைச்சொல், பிணப் பரிசோதனைக்கு உறவான இடைச்சொல்லோடு இங்கே மணம் செய்துகொண்டிருக்கிறது.

இன்றைய மாணவர்கள் கையிலுள்ள தொலைபேசியில் ஒரு கருத்தையோ படத்தையோ வெளியிட்டு, அதனைப் ‘போஸ்ட்’ என்கின்றனர். இப்புதுப் பொருளில் எந்தக் குடும்பத்தின் சாயல் இருக்கிறது? ஊரார் காண அறிவிப்பை ஒட்டும் அந்த இலண்டன் மரக்கட்டையின் சாயல் மிகுதி. தொலைவுக்குச் செய்தி கொண்டு செல்லும் குதிரை வீரனின் சாயலும் உண்டு. ஆனால் முற்காலத்தில் ஒருவன் கடிதம் எழுதினால், தாள் தேடி, மை தேடி, காலணா தேடி, பிறகே பையில் இட வேண்டும். அவ்விடைவேளையில், சொல்லத் தகுந்தது எது, தகாதது எது என்று அவன் எண்ணிப் பார்க்க நேரம் இருந்தது. இன்று செலவும் இல்லை, இடைவேளையும் இல்லை. ஏழைப் பெண் வெறுந்தாளுக்காகக் காத்திருந்த நிலையிலிருந்து, எவரும் எவரிடமும் நொடியில் பேசும் நிலைக்கு மனித குலம் வந்திருக்கிறது. இது எளிதிற் கிட்டியதன்று. பேரரசர் சிலருக்கே உரியதாயிருந்த வசதி எல்லாருக்கும் உரியதாவதற்கு நூற்றாண்டுகள் பிடித்தன. எத்தனையோ ஓட்டக்காரர்களின் கால்களும், கணக்குப் போட்டுப் பார்த்த ஓர் ஆசிரியரின் மூளையும் வேண்டியிருந்தன. இவ்வளவு அரிய உரிமையைப் பழிச்சொல்லுக்கும் பொய்ச்செய்திக்கும் செலவிடலாமா என்பதனை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலச் சொற்பொருளை மனப்பாடம் செய்ய முயலும் மாணவர்களுக்கு ஒரு யோசனை கூறி என் உரையை முடிக்கிறேன். அகராதியில் ஒரு சிறு சொல்லுக்குக் கீழே பல பொருள்களைக் கண்டால் மலைத்துப் போகாதீர்கள். பொருள்களை வரிசையாக உருப்போடுவதை நிறுத்திவிட்டு, அதன் வேர் எத்தனை என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு வேரின் கீழும் பொருள்களைப் பிரித்து எழுதுங்கள். பிறகு, ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருள் எவ்வாறு கிளைத்தது, எந்தத் தொழிலில், எந்தக் காலத்தில், யாருடைய தேவைக்காகக் கிளைத்தது என்று வினவுங்கள். நாளை மாலை ஓய்வு நேரத்தில் ‘போர்டு’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு இவ்வாறு தொடங்கலாம். பலகையும், உணவோடு கூடிய விடுதியும், ஆட்சிக் குழுவும் அதில் எப்படி ஒன்று கூடின என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டால், அச்சொல்லை மீண்டும் உருப்போட வேண்டிய தேவை உங்களுக்கு இராது.